நீல மருந்தும் மரத்தடி வைரவரும்

பால் சோதிக்கிறவளை யாரும் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச அழைப்பதில்லை.

அழைத்தாலும் அடுப்படிக்கு விடமாட்டார்கள். பானையை எட்டிப் பார்த்து நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்ற பயம். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றவர்கள், ஓடுகிற பேருந்தில் ஏறி ரிக்கற் கேட்பவர்கள், சாதகத்தைப் பார்த்துவிட்டுப் பெண் வீட்டாரிடம் "பொருந்தாது" என்று சொல்ல வேண்டியவர்கள், இன்னும் என்னைப்போல மற்றவர் கொண்டுவருவதைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டிச் சீவிக்கிற அத்தனை பேருக்கும் இந்தத் துன்பம் விளங்கும். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

அக்கராயன் பக்கத்தில், வாய்க்கால் தெருவைக் கடக்கிற இடத்தில், ஒரு மாதர் சங்கத்தின் பால் நிலையம் இருக்கிறது. காலையில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் பால் வரும். முன்பக்கத்தில் ஒரு மேசை. அதன் பின்னால் நான். உள்ளே பாலைச் சூடாக்கும் தொட்டி, அதற்கப்பால் குளிர்த்தொட்டி, அதற்கப்பால் பைக்கற்றில் அடைக்கிற இயந்திரம். கொஞ்சம் யோகட்டும் செய்கிறோம். நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் போனபிறகு, குளிர்சாதனப் பெட்டியின் முனகல்தான் எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை. ஒருநாள் மத்தியானம் அது முனக, நான் "ஓம், என்ன?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கிழமையே இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

சங்கத் தலைவி மாரியாயி. தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். மாரியாயி குவைத்தில் வீட்டு வேலை செய்து, மகள் வளர்ந்ததைத் தொலைபேசித் திரையில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள். இனிப் போவதில்லை என்ற முடிவோடுதான் இந்த நிலையத்தைத் தொடங்கினாள்.

அப்படியிருக்க, சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள் வந்து எங்கள் பைக்கற் பாலில் ஒன்றை எடுத்துப் போனார். ஆய்வுகூடத்தில் அதற்குள் குடற்கிருமி இருந்ததாம். சாணியிலும் அழுக்கிலும் வாழ்கிற சாதி. சூடாக்கி அடைத்த பாலில் தலைகாட்டவே கூடாதது. பரிசோதகர் என்னிடம் படித்தவர். சங்கடத்தோடு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரீச்சர், கையைக் கழுவு எண்டு எனக்கு முதன்முதல் சொன்னது நீங்கள். இப்ப நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிக் கிடக்கு" என்றார். இன்னொரு முறை வந்து எடுப்பாராம். அதிலும் கிருமி இருந்தால் நிலையத்தைப் பூட்ட வேண்டுமாம்.

மாரியாயிக்குப் பயம் வந்தால் தாயின் தமிழ் வந்துவிடும். அவர் போனதும் வாசற்படியில் இருந்து, "பூட்டிட்டாங்கன்னா நான் திரும்பக் குவைத்துக்குத்தான் போவணும், ரீச்சரம்மா" என்றாள். விசா இருக்கிறது என்று ஏஜென்ற் ஒருவர் ஏற்கெனவே போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டாவது சோதனை வரும்வரை நான் பட்டதைக் கேளுங்கள்.

நஞ்சை வென்ற பால்

கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குழாயில் கொஞ்சம் பாலை எடுத்து, நீல மருந்து சேர்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி வைப்போம். நல்ல பால் வெகுநேரம் நீலமாகவே நிற்கும். கிருமி மலிந்த பால் அந்த நீலத்தைத் தின்று விரைவில் வெள்ளையாகிவிடும். இதை நான் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன் என்றுதான் நம்பியிருந்தேன்.

கந்தையர் என்று ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் கரையில் வயல் செய்கிற குடும்பம். நாலைந்து மாடும் உண்டு. பாலைத் தந்துவிட்டுப் போகாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குழாய்களுக்கு முன்னால் நின்றார். அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாள் அவரோடு இன்னும் சிலர். பிறகுதான் விளங்கியது, அங்கே பந்தயம் நடக்கிறது. "உன்ர இன்னும் கடல் மாதிரிக் கிடக்கு. என்ரையைப் பார், விடிஞ்சிட்டுது!" என்று கந்தையர் கைதட்டுகிறார். தோற்றவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுக்கிறார். தோற்றவர்தான் ஊரிலேயே துப்புரவான பால் கொண்டுவருகிற மனிதர்.

நான் எழுந்து போய், முதலில் வெளுக்கிற பால்தான் ஆகக் கூடாத பால் என்று சொன்னேன். கந்தையர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரீச்சர், நஞ்சைக் குடிச்ச சிவபெருமானுக்கே கழுத்து நீலமாப் போச்சு. என்ர மாட்டுப் பால் உங்கட நஞ்சைக் குடிச்சிட்டு வெள்ளையா நிக்குது. இதைப் போய்க் கூடாதெண்டு சொல்லுறியளே, உங்களுக்கே ஞாயமாப் படுகுதோ?"

கரித்துண்டு

வீட்டிலிருந்து பால் வெளியே போனால் கண்பட்டு நாவூறு படும், நாவூறு பட்டால் மாட்டுக்குப் பால் வற்றும். இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே பாலுக்குள் ஒரு கரித்துண்டைப் போட்டு அனுப்புவார்கள். அடுப்படிக் கரி, சாம்பலோடு. பாலை வடிகட்டுகிற வடியில் அது வந்து விழும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். காலை முழுவதும் டொக், டொக். ஒரு நாள் கரி, ஒரு நாள் வேப்பிலை, ஒரு நாள் செத்தல் மிளகாய். ஒருமுறை ஒரு துருப்பிடித்த ஆணியும் வந்தது; அதற்குச் சக்தி கூடவாம்.

சோதனை வரப்போகிறது என்பதால் பாலுக்குள் ஒன்றும் போடக்கூடாது என்று கடுமையாகச் சொன்னேன். கேட்டார்கள். கரி பால் கானின் கழுத்துக்கு மாறியது. நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். சிலர் சைக்கிள் மணியில் கட்டினார்கள். எனக்குப் பெரிய வெற்றி. ஆனால் இராசமணி என்கிற மனிசி மட்டும் ஒன்றும் கட்டாமல் வந்தாள். கானை மேசையில் வைத்தாள். முந்தானையில் முடிந்திருந்த கரியை எடுத்து எச்சில் தொட்டுக் குழைத்து, நான் நிமிர்வதற்குள் என் கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்துவிட்டாள்.

"எனக்கேன் பிள்ளை?" என்றேன்.

"இந்த ஊரிலயே பாலை உத்து உத்துப் பாக்கிற ஆள் நீங்கள்தானே, ரீச்சர். நாவூறை ஊரெல்லாம் தேடுவானேன்? வாற இடத்திலயே அடைச்சுப் போட்டன்."

குளித்த மாடு

கறக்கமுன் மடியைக் கழுவித் துடைக்கச் சொல்வது எங்கள் தொழிலின் முதல் பாடம். நிலையத்து வாசலில் கூட்டம் கூட்டி நான் சொன்னேன். சுத்தமான தண்ணீர், சுத்தமான துணி, அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு பால் கானைத் திறந்தபோது கலியாண வீட்டு வாசம் வந்தது. சந்தன சவர்க்காரம். கொஞ்சம் முகர்ந்ததும் அடியில் முகப்பவுடர் வாசமும் இருந்தது. அந்தப் பாலில் யோகட் செய்தால் யாராவது தலைக்கு வைத்துக் குளித்துவிடுவார்கள். கொண்டுவந்தவர் கண் சிவந்து, சேட்டில் ஒரு பொத்தான் இல்லாமல், கையில் பெரிய கீறலோடு நின்றார். மாடு முந்திய நாள் மாலையிலிருந்து யாரையும் கிட்ட விடவில்லையாம். கன்றே தாயை அடையாளம் தெரியாமல் எதிர்ப்பக்கம் ஓடியதாம்.

சவர்க்காரம் போடச் சொன்னது யார் என்று கேட்டேன். அவர் கையைத் தடவிக்கொண்டு, மெதுவான, அடிபட்ட குரலில் சொன்னார்: "நீங்கள் பெரிய படிப்புப் படிச்ச மனிசி சொல்லுறியள், வெறும் தண்ணியில கழுவினா உங்களுக்கு மரியாதை இல்லையெண்டு நினைச்சிட்டன்."

அடுப்பைக் குறையுங்கோ

பரமேஸ்வரி அக்காவின் பசுவுக்கு மடி வீங்கிவிட்டது. தொட்டால் கொதிக்கிறது, பாலில் திரிதிரியாக வருகிறது. கிருமி மடிக்குள் போய்விட்டால் அப்படித்தான். பாலைத் திருப்பி அனுப்பி, மிருக வைத்தியருக்குச் சொல்லிவிட்டேன். பரமேஸ்வரி அக்காவோ என்னிடம் நியாயம் கேட்க வந்தாள். எங்களுக்குப் பால் தரத் தொடங்கியபிறகுதான் இந்த வருத்தமாம். நாங்கள் இங்கே அவளுடைய மாட்டின் பாலைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குகிறோம், அங்கே மாட்டுக்கு மடி சுடுகிறதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் நெருப்பைக் கொஞ்சம் தணிக்கச் சொன்னாள்.

வைத்தியர் வந்தார், ஊசி போட்டார், மருந்து தந்தார். மருந்து முடிந்து பால் துப்புரவாகும்வரை நாங்கள் வாங்கவில்லை. பிறகு ஒருநாள் காலை அவள் கானோடு வந்தாள். பின்னால் ஒரு வாழைக்குலையும் வந்தது. வைத்தியருக்கல்ல, எனக்கு.

"சொன்ன உடனே அடுப்பைக் குறைச்சுப் போட்டியள் போல. மாடு சுகம். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், ரீச்சர்."

சின்னனுகள்

சொன்னால் நம்பமாட்டார்கள், காட்டினால் நம்புவார்கள் என்பது ஆசிரியர்களைப் பீடித்த நோய். பள்ளிக்கூடத்தில் கேட்டு நுணுக்குக்காட்டி ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்தேன். வெயிலில் வைத்த பாலின் ஒரு துளியைச் சாயமூட்டி அதன் கீழே தள்ளினேன். ஒவ்வொருவராக வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். சிலர் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு "ஓமோம்" என்றார்கள்.

ஒரு பாட்டுக்கார மனிசி, வயல் நடுகையில் பாட்டெடுத்துக் கொடுப்பவள், வெகுநேரம் பார்த்தாள். எழும்பவே இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை வருடம் வகுப்பில் நான் தேடியது இந்த முகத்தைத்தான் என்று நினைத்தேன். அவள் மெல்ல நிமிர்ந்து சொன்னாள்:

"பாவமெல்லே, ரீச்சர். இவ்வளவு சின்னனுகள். இதுகள் எவ்வளவு குடிச்சிடப் போகுதுகள்? குடிச்சிட்டுப் போகட்டும், விடுங்கோவன்."

கொழுத்த யோகட்

சந்திக் கடைக்காரர் எங்களுடைய யோகட்டை மட்டும்தான் முன்வரிசையில் அடுக்குவார். நான் பெருமைப்பட்டேன். ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தால் மூடிகள் எல்லாம் கோயில் கோபுரம்போல மேலே எழும்பி நிற்கின்றன. மூடி ஊதுகிறதென்றால் உள்ளே கிருமி குடித்தனம் நடத்தி மூச்சு விடுகிறது என்று பொருள். கடையின் குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சாமியறை அலுமாரி இதைவிடக் குளிராக இருக்கும். கறண்ட் செலவென்று பகலில் நிறுத்திவைக்கிறாராம். உள்ளே வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு ரோச் லைற்.

எல்லாவற்றையும் திருப்பி எடுத்தேன். கடைக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். பிள்ளைத்தாச்சிகளுக்கும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கும் தேடித்தேடி இதைத்தான் கொடுக்கிறாராம். பெட்டி நிற்பாட்டியதால் வந்த வினை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று காலைதான் நிலையத்திலிருந்து வந்த யோகட் பெட்டியிலும் ஒரு மூடி இலேசாக எழும்பியிருந்தது. அது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்க, கடைக்காரரின் குரல் தெருவரை என்னைத் துரத்தியது:

"மற்ற ஆக்களின்ர யோகட் எல்லாம் வயிறு ஒட்டிக் கிடக்கு, அம்மா! உங்கடதுதான் நல்லாச் சாப்பிட்ட பிள்ளை மாதிரி இருக்கு! அதைப் போய்க் கொண்டு போறியளே!"

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை

அந்த ஒரு மூடி என்னை விடவில்லை. இதுவரை எல்லோரையும் சந்தேகித்திருந்தேன். கந்தையரின் மாட்டை, கிணற்றை, கடைக்காரரை, மழையை. இப்போது நீல மருந்தை உள்ளே கொண்டுபோனேன். சூடாக்கும் தொட்டியிலிருந்து வந்த பாலை ஒரு குழாயிலும், குளிர்த்தொட்டியில் கிடந்த பாலை இன்னொரு குழாயிலும் எடுத்தேன். சூட்டிலிருந்து வந்தது நாள் முழுக்க நீலமாக நின்றது. குளிர்த்தொட்டிப் பால் பின்னேரத்துக்குள் வெளுத்துவிட்டது. அப்படியென்றால் கிருமி மாட்டிலும் இல்லை, கானிலும் இல்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே, இந்தத் தொட்டிக்கும் அந்தத் தொட்டிக்கும் நடுவில்.

அடுத்த நாள் குளிர்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பால் வந்து நிறைந்தது. ஆறியது. குளிர்ந்த பாலுக்கு ஒரு மௌனம் உண்டு, பனி விழுந்த வயலைப்போல. அதைக் கேட்டுக்கொண்டே கண் அயரப் பார்த்தேன். அப்போது பின்கதவால் மாரியாயி வந்தாள். தலை முழுகி, நெற்றியில் திருநீறு பூசி, இரண்டு கையாலும் ஒரு பித்தளைச் செம்பை ஏந்தியபடி. தொட்டியின் மூடியைத் தூக்கினாள், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள், செம்பைக் கவிழ்த்தாள்.

நான் போட்ட சத்தத்தில் செம்பே விழுந்துவிட்டது.

"என்ன அது, மாரியாயி?"

"ஒண்டுமில்ல, ரீச்சரம்மா. வைரவர் பால்."

விசாரித்தேன். குளக்கட்டுக்குப் போகிற வழியில், பெரிய மரத்தடியில் ஒரு வைரவர் இருக்கிறார். கூரையில்லை, ஒரு சூலம் மட்டும். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு செம்பு பால் அவருக்குப் போகிறது. படைத்து, கற்பூரம் கொளுத்தி, சுற்றிக் கும்பிட்டு, மிச்சத்தைக் கொண்டுவந்து தொட்டியில் கலப்பாள். எல்லாப் பாலுக்கும் அவருடைய காவல் சேரட்டும் என்று. முதல் சோதனையில் கிருமி வந்ததும் பயந்துபோய், வெள்ளிக்கிழமைகளில் கொடுத்ததைத் தினமும் கொடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"செம்பை அங்க வைச்சிட்டு நீர் சுத்தி வாற நேரம், பால் குறையிறதோ?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அவள் முகம் மலர்ந்தது. "குறையும், ரீச்சரம்மா! நான் ஆருக்கும் சொல்லேல்ல. பாதியாவது குறையும். வைரவர் குடிக்கிறார்."

"நீர் கண்டனீரோ?"

"ஆளைக் காணேல்ல. மணலில காலடி கண்டனான்."

"மனிசக் காலடியோ?"

மாரியாயி குனிந்து செம்பை எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். வைரவருக்கு வாகனம் நாய் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"அவர் வாகனத்தில வந்திருப்பார்" என்றாள் கடைசியில்.

"மாரியாயி, வாகனத்தில அவர் வந்தவரோ, வாகனம் மட்டும் வந்ததோ?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே, நேர்மையாக யோசித்தாள். பிறகு சொன்னாள்: "தனிய வந்தாலும், ரீச்சரம்மா, அவர் அனுப்பாம அது வந்திருக்குமா?"

சுடலைச் சூடு

இவ்வளவு காலமும் எங்கள் பைக்கற் பால் குடித்த யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் வராததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பைக்கற்றில் "அப்படியே குடிக்கலாம்" என்று அச்சடித்திருந்தும், எங்கள் சனம் அதை நம்பாமல் குசினியில் திரும்பக் கொதிக்க வைத்துத்தான் குடித்தது. அந்த அவநம்பிக்கையை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆய்வுகூடத்தார்தான் எங்களை நம்பி அப்படியே சோதித்துவிட்டார்கள். யோகட்டை எவரும் கொதிக்க வைப்பதில்லை. மூடிகள் ஊதியதில் கடைக்காரருக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் பங்கிருந்தது. மிச்சமிருந்த யோகட் எல்லாவற்றையும் அன்றே கடைகளிலிருந்து திருப்பி எடுத்தோம்.

படையலை நிறுத்து என்றேன். மாரியாயி மறுத்துவிட்டாள். பரிசோதகர் மறுநாள் வருகிறார். பரீட்சைக்கு முதல்நாள் சாமியைப் பட்டினி போடுகிற அளவுக்கு அவளுக்குத் துணிவில்லை. சரி, படையுங்கோ, தொட்டியில் கலக்காதேயுங்கோ என்றேன். கலக்காவிட்டால் காவல் எப்படிச் சேரும் என்றாள். இந்தத் தொட்டிப் பாலை என்ன செய்வது என்று பைக்கற் அடைக்கிற பெண்கள் கேட்டார்கள். சாமி பால் கலந்தது. வடிகானுக்குள் ஊற்றவும் ஏலாது, காலில் மிதிபடவும் கூடாது. பூட்டு, குவைத், மகள் எல்லாம் மாரியாயியின் கண்ணில் வரிசையாக வந்து நின்றன. தாயின் தமிழில் ஏதோ சொல்லி அழத் தொடங்கிவிட்டாள்.

நான் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில் சொன்னேன். செம்புக்கு மூடி போட வேண்டும். வாகனம் வந்தால் விரட்ட வேண்டும். வைரவர் பாலைக் கலக்கத்தான் வேண்டுமென்றால், சூடாக்கிய பிறகு அல்ல, சூடாக்குவதற்கு முன்னால், பச்சைப் பாலோடு கலக்க வேண்டும். இந்தத் தொட்டியில் கிடக்கிறதையும் திரும்பச் சூடாக்கி எங்கள் பிள்ளைகளுக்கும் கன்றுகளுக்கும் கொடுக்கலாம், விற்க வேண்டாம். தொட்டியை வெந்நீரால் கழுவுவோம்.

பெண்கள் வாயைப் பொத்தினார்கள். "சாமியைக் கொதிக்க வைக்கிறதோ, ரீச்சர்?" என்றாள் ஒருத்தி. என் பல்கலைக்கழகப் படிப்பு அவ்வளவு தூரம் போனதில்லை. எல்லோரும் மாரியாயியைப் பார்த்தார்கள். குவைத்துக்குப் போக வேண்டியவள் அவள், தீர்ப்பும் அவளுடையது. அவள் மூக்கைச் சிந்தினாள். கூரையைப் பார்த்தாள். தொட்டியின் சூட்டுமானியைப் பார்த்தாள். பிறகு எழும்பிச் சேலையை இழுத்துச் செருகினாள்.

"வைரவர் சுடலையில நிண்டு பிணம் எரியிறதைப் பாக்கிற சாமி. அவருக்கு எங்கட தொட்டிச் சூடு எந்த மூலைக்கு? போடுங்கோடி அடுப்பை!"

பரிசோதகரின் கேள்வி

மறுநாள் பரிசோதகர் வந்தார். அன்றைய பாலில் மூடி போட்ட செம்புப் பாலும் இருந்தது. ஆனால் சூட்டைக் கடந்துதான் வந்திருந்தது. அவர் பைக்கற்றை எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், எங்கள் நகங்களைப் பார்த்தார். போகும்போது, போனமுறைக்கும் இந்தமுறைக்கும் இடையில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டார். எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

நான் வாயைத் திறந்தேன். ஒரு விஞ்ஞான ஆசிரியை, தன் மாணவனுக்கு, தன் வாயால், நாய் என்று தொடங்கி வைரவர் என்று முடிகிற ஒரு விளக்கத்தைச் சொல்ல வேண்டும். மாரியாயி எனக்கு முன்னால் வந்து நின்று, அடக்கமாகச் சொன்னாள்:

"பெரிசா ஒண்டுமில்ல, ஐயா. கடைசியா வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரை, இப்ப முதல்ல வரச் சொல்லியிருக்கிறம்."

பால் ஆறுது

முடிவு வரும்வரை மாரியாயி கொஞ்சங்கொஞ்சமாக மெலிந்தாள். ஏஜென்ற் விடாமல் போன் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல வீடு, சின்னக் குடும்பம், இந்தக் கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் "பாப்பம், பாப்பம்" என்று இழுத்தாள். ஒருநாள் நான் போனபோது பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பால் வடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசாமல் தண்ணீர் ஊற்றினாள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் நானும் அப்படித்தான் அவருடைய சேட்டுக்கு இஸ்திரி போட்டேன். சில சத்தங்கள் பேச்சைவிட உரத்தவை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் அப்படி ஒன்று.

பரிசோதகர் தானே நேரில் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்துமுன்னமே, "ரீச்சர், துப்புரவு! ஒரு கிருமியும் இல்லை!" என்று கத்தினார். பெண்கள் கத்தினார்கள். கந்தையர் தன் மாட்டுப் பால்தான் எல்லாக் கிருமியையும் தின்று தீர்த்தது என்று வாசலில் நின்று அறிவித்தார். மாரியாயி மட்டும் கூட்டத்தை விட்டு விலகினாள். சூடாக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று அதன் வயிற்றில் கையை வைத்தாள், சுட்டதும் எடுத்தாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், எடுத்தாள்.

"தம்பி, அந்த விசாவை வேற ஆருக்கும் குடுங்கோ. இல்லை, யோசிச்சுத்தான் சொல்லுறன். எனக்கு இஞ்ச பால் ஆறுது, வைக்கிறன்."

பாலில் கிருமி தேடுகிற உத்தியோகத்தில் நான் கண்டறிந்த ஒரே உண்மை, எந்தக் கிருமியையும் சூட்டால் கொன்றுவிடலாம், ஆனால் அதை உள்ளே கொண்டுவந்த பக்தியிடம் மரியாதையாகக் கதைத்து வரிசையில் முன்னுக்கு வரச் சொல்ல வேண்டும் என்பதுதான்.